ஒழுங்கான முக்கோணி எது, ஒழுங்கில்லாதது எது? திரும்பத் திரும்ப வாற கேள்விகளும் பதில்களும்

வெள்ளவத்தையில தரம் 7 பிள்ளையளில இருந்து ஓ எல் எடுக்கிறவை வரைக்கும் கணக்குச் சொல்லிக் குடுக்கிறன். கேத்திரகணிதம் தொடங்கினா என்ர வாட்ஸ்அப் நிறைய முக்கோணிதான். பிள்ளையள் கேக்கிறது ஒரு பக்கம், அம்மாமார் இரவு பத்து மணிக்கு கொப்பியைப் படம் எடுத்து அனுப்பி "மிஸ் இது சரியோ" எண்டு கேக்கிறது இன்னொரு பக்கம். அடிக்கடி வந்த கேள்வியளை இதில போட்டிருக்கிறன், பாட ஒழுங்கில இல்லை, உங்களுக்குத் தேவையானதைத் தேடி வாசியுங்கோ.

மிஸ், ஒழுங்கான முக்கோணி எண்டா எது?

மூண்டு பக்கமும் ஒரே நீளம், மூண்டு கோணமும் ஒரே அளவு, அவ்வளவுதான். முக்கோணியின்ர மூண்டு கோணத்தையும் கூட்டினா 180 பாகை, மூண்டும் சமன் எண்டா ஆளுக்கு 60. நீங்கள் கொப்பியில சமபக்க முக்கோணி எண்டு எழுதுறது இதைத்தான், வேற புது உருவம் ஒண்டும் இல்லை. பல்கோணிப் பாடத்தில ஒழுங்கான ஐங்கோணி, ஒழுங்கான அறுகோணி எண்டு வருமே, அந்த வரிசையில முதல் ஆள் இவர். மிச்ச முக்கோணி எல்லாம், பாக்க எவ்வளவு வடிவா இருந்தாலும், ஒழுங்கில்லாததுதான்.

பக்கமும் அளக்கோணும் கோணமும் அளக்கோணுமா? ஒண்டு போதாதா?

முக்கோணிக்கு ஒண்டு போதும். மூண்டு பக்கமும் சமன் எண்டு தெரிஞ்சா கோணங்கள் தானாவே சமனாகிடும், கோணங்கள் சமன் எண்டு தெரிஞ்சா பக்கங்களும் அப்பிடித்தான். ஆனா இதே நினைப்போட நாற்பக்கலுக்குப் போனீங்களோ மாட்டுப்படுவீங்கள். சாய்சதுரத்துக்கு நாலு பக்கமும் சமன், ஆனா கோணம் நாலும் சமனா இருக்கவேணும் எண்டு இல்லை. செவ்வகத்துக்கு நாலு கோணமும் 90, ஆனா நீளமும் அகலமும் வேற. ரெண்டு நிபந்தனையும் சேர்ந்து பொருந்தினா மட்டும்தான் சதுரம்.

ஏன் இந்த வித்தியாசம் எண்டா முக்கோணி விறைப்பான உருவம். நாலு ஈர்க்கிலை நூலால மூலையில கட்டி ஒரு சதுரம் செய்து ஒரு பக்கமாத் தள்ளுங்கோ, அப்பிடியே சரியும், பக்க நீளம் மாறாமலே கோணம் மாறிடும். மூண்டு ஈர்க்கிலைக் கட்டினா என்ன தள்ளினாலும் சரியாது. கொழும்பில இப்ப எங்க பாத்தாலும் மாடிக் கட்டிடம் கட்டுறாங்கள் தானே, அதில நிக்கிற கிரேனை ஒருக்கா அண்ணாந்து பாருங்கோ, அந்த நீட்டுக் கை முழுக்க முக்கோணி முக்கோணியாத்தான் கம்பி பூட்டியிருப்பாங்கள், சதுரமா விட்டா சரிஞ்சிடும்.

இருசமபக்க முக்கோணி ஒழுங்கானதா இல்லையா? என்ர மகள் பாதி ஒழுங்கு எண்டு சொல்லுறா.

உங்கட மகள் சொன்ன பதில் எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா பேப்பரில அப்பிடி எழுதேலாது. ரெண்டு பக்கம் மட்டும் சமனா இருந்தா அது ஒழுங்கில்லாத முக்கோணிதான். பாதி எண்டு ஏன் தோணுது எண்டா அதுக்கு ஒரு சமச்சீர் அச்சு இருக்கு, நடுவால மடிச்சா ரெண்டு பக்கமும் பொருந்தும். சமபக்கத்துக்கு அப்பிடி மூண்டு அச்சு. மூண்டு பக்கமும் வேற வேற நீளமா இருக்கிற சமனில் பக்கத்துக்கு ஒண்டும் இல்லை.

அப்ப சமபக்கம் இருசமபக்கத்துக்குள்ள அடங்குமா?

இது பழைய சண்டை. கிமு 300 அளவில யூக்கிளிட் எழுதின வரைவிலக்கணத்தில ரெண்டு பக்கம் மட்டும் சமனா இருக்கிறதுதான் இருசமபக்கம், சமபக்கம் வேற பெட்டி. இப்ப கணிதக்காரர் கூடுதலாச் சொல்லுறது ஆகக் குறைஞ்சது ரெண்டு பக்கம் சமன் எண்டு, அப்பிடிப் பாத்தா சமபக்கமும் உள்ள வந்திடும். எனக்கு ரெண்டாவதுதான் சரியாப் படுது, ஏன் எண்டா இருசமபக்கத்துக்கு நிறுவின எல்லாத் தேற்றமும் சமபக்கத்துக்கும் அப்பிடியே பொருந்தும், திரும்ப ஒருக்கா நிறுவத் தேவையில்லை. ஆனா வகைப்படுத்து எண்டு கேள்வி வந்தா மூண்டும் சமனா இருக்கேக்க சமபக்கம் எண்டுதான் எழுதோணும், இருசமபக்கம் எண்டு எழுதிப்போட்டு வந்து என்னோட வாதாடக் கூடாது.

வீட்டில வைச்சு விளங்கப்படுத்த லேசான வழி ஏதும் இருக்கா மிஸ்? எனக்குக் கணக்கு மறந்து போச்சு.

ஒரு நெருப்புப்பெட்டி எடுங்கோ. 12 குச்சியை எண்ணிப் பிள்ளையிட்டக் குடுத்து, எல்லாத்தையும் பாவிச்சு, முறிக்காம, எத்தனை விதமான முக்கோணி செய்யலாம் எண்டு கேளுங்கோ. நீங்கள் சொல்லிக் குடுக்காதைங்கோ, பேசாமப் பாத்துக்கொண்டு இருங்கோ.

பிள்ளை முதல்ல 4, 4, 4 வைக்கும், அது எல்லாரும் வைக்கிறது. பிறகு 6, 3, 3 எண்டு ஒண்டு வைக்கப் பாக்கும், வைச்சா முக்கோணி வராது, மேல வாற ரெண்டு பக்கமும் கீழ் பக்கத்தில படுத்து ஒரே கோடாப் போகும். 6, 4, 2 வும் அதே கதை. 7, 3, 2 வைச்சா முனை முட்டவே முட்டாது. இங்கதான் நிப்பாட்டி ஏன் எண்டு கேக்கோணும். ரெண்டு பக்கத்தைக் கூட்டினா மற்றப் பக்கத்தை விடக் கூட வரவேணும், இல்லாட்டி முக்கோணியே இல்லை, இந்த விதியைப் பிள்ளை தானாக் கண்டுபிடிச்சா பிறகு மறக்காது.

கடைசியில மிஞ்சுறது மூண்டே மூண்டு: 4-4-4, 5-5-2, 5-4-3. இதைப் பாத்தீங்களா, ஒண்டு சமபக்கம், ஒண்டு இருசமபக்கம், ஒண்டு சமனில் பக்கம், வகைக்கு ஒண்டு வந்திருக்கு. 5-4-3 செங்கோண முக்கோணி எண்டது அதுக்கு மேல ஒரு போனஸ். அதனாலதான் நான் 12 குச்சியோட நிக்கிறது, 11 எடுத்தாலோ 13 எடுத்தாலோ இப்பிடி அழகா விழாது.

கொஞ்சம் பெரிய பிள்ளை எண்டா பரப்பளவும் பாக்கச் சொல்லுங்கோ. ஒரு குச்சி 1 அலகு எண்டு எடுத்தா 4-4-4 க்கு 6.93 சதுர அலகு, 5-4-3 க்கு 6, 5-5-2 க்கு 4.9 தான். சுற்றளவு மூண்டுக்கும் 12. ஒரே சுற்றளவுள்ள முக்கோணியளுக்குள்ள ஒழுங்கானதுதான் எப்பவும் ஆகக் கூட இடத்தைப் பிடிக்கும்.

சதுரக் கட்டம் போட்ட கொப்பியில எவ்வளவு கவனமாக் கீறினாலும் சமபக்கம் சரியா வருதில்லை. பிள்ளையின்ர பிழையா?

பிள்ளையில பிழை இல்லை, கட்டத்திலதான் பிழை. அடியில 6 கட்டம் எடுத்து, நடுவில இருந்து மேல 5 கட்டம் எண்ணிப் புள்ளி போட்டு சேர்ப்பினம், பாத்தா அச்சொட்டா சமபக்கம் மாதிரித்தான் இருக்கும். பைதகரஸ் போட்டுப் பாருங்கோ: 3 இன்ர வர்க்கம் 9, 5 இன்ர வர்க்கம் 25, கூட்டினா 34, வர்க்கமூலம் 5.83. அடி 6, மற்ற ரெண்டும் 5.83. அது இருசமபக்கம்! சரியா வரவேணும் எண்டா உயரம் 5.196... கட்டம் வேணும், அந்த இடத்தில கட்டத்தின்ர மூலை இல்லையே.

பெரிசாக் கீறினாலும் சரி, சரிச்சுக் கீறினாலும் சரி, மூண்டு உச்சியும் கட்டத்தின்ர மூலையில வாற மாதிரி ஒரு சமபக்க முக்கோணியை யாராலும் கீறேலாது. காரணம் ஓ எல் பிள்ளையளுக்கு விளங்கும். கட்ட மூலையளில உச்சி இருக்கிற எந்த முக்கோணிக்கும் பரப்பளவு முழு எண்ணா வரும், இல்லாட்டி அரையில முடியும். ஆனா சமபக்க முக்கோணியின்ர பரப்பளவு பக்கத்தின்ர வர்க்கத்தை 3 இன்ர வர்க்கமூலத்தால பெருக்கி 4 ஆல பிரிக்கிறது, பக்கத்தின்ர வர்க்கம் அந்தக் கட்டத்தில எப்பவும் முழு எண், 3 இன்ர வர்க்கமூலம் விகிதமுறா எண், அதாவது பின்னமா எழுதேலாத எண், அப்ப பெருக்கினதும் விகிதமுறாமலே நிக்கும். ரெண்டும் ஒரு நாளும் ஒத்து வராது.

அதனால கவராயத்தை எடுங்கோ. 6 சென்ரிமீற்றர் கோடு ஒண்டு, கவராயத்தை அதே 6 க்கு விரிச்சு ஒரு முனையில குத்தி ஒரு வில், மற்ற முனையில குத்தி இன்னொரு வில், வெட்டின இடத்தை ரெண்டு முனையோடையும் சேர்த்தா முடிஞ்சுது. யூக்கிளிட் தன்ர முதல் புத்தகத்தில செய்து காட்டின முதல் அமைப்பே இதுதான், 2300 வருசமா இதை விட லேசான வழி ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல. கவனிக்க வேண்டியது திருகு. கடையில கடைசி நேரத்தில வாங்குற பெட்டியளில கவராயத்தின்ர திருகு ஆடும், முதல் வில்லுக்கும் ரெண்டாவதுக்கும் இடையில 2 மில்லிமீற்றர் விலகினாலே சமபக்கம் போய் இருசமபக்கம் வந்து நிக்கும். இறுக்கிப்போட்டு கீறுங்கோ, பென்சிலைக் குட்டையாச் சீவுங்கோ.

கேத்திரகணிதப் பெட்டியில இருக்கிற ரெண்டு மூலைமட்டமும் ஒழுங்கான முக்கோணியா?

ரெண்டும் இல்லை. ஒண்டு 45-45-90, அது இருசமபக்கம். மற்றது 30-60-90, அது சமனில் பக்கம், மூண்டு பக்கமும் வேற வேற.

ஆனா 30-60-90 இல ஒரு விஷயம் இருக்கு. பக்கத்தில இருக்கிற பிள்ளையின்ர அதே அளவு மூலைமட்டத்தையும் வாங்கி, செங்கோணம் செங்கோணத்தோட சேர, நடுத்தர நீளமான பக்கத்தை நடுவில வைச்சு ரெண்டையும் ஒட்டிப் பிடியுங்கோ. அடியில ரெண்டு பக்கமும் 60, மேல 30 உம் 30 உம் சேர்ந்து 60. அச்சா சமபக்க முக்கோணி. அப்ப சமபக்கத்தை நடுவால வெட்டினா வாறதுதான் இந்த மூலைமட்டம், அதனாலதான் அதின்ர சின்னப் பக்கம், செங்கோணத்துக்கு எதிர இருக்கிற செம்பக்கத்தின்ர சரி பாதி. 10 சென்ரிமீற்றர் பக்கம் உள்ள சமபக்கத்துக்கு உயரம் 8.66, பரப்பளவு 43.3 எண்டு எல்லாம் வாறது இந்த வெட்டில இருந்துதான், சூத்திரம் பாடமாக்கத் தேவையே இல்லை. சின்னப் பக்கத்தை நடுவில வைச்சு ஒட்டினா 30, 30, 120 எண்டு ஒரு படுத்த இருசமபக்கம் வரும், அதையும் செய்து பாருங்கோ.

படத்தில சமபக்கம் மாதிரித்தான் இருந்தது, 60 எண்டு போட்டன், பிழை போட்டிட்டினம். ஏன்?

தம்பி, படத்தை நம்பாதைங்கோ. இதை வகுப்பில தொண்டை கிழியச் சொல்லுறன். பேப்பரில இருக்கிற படம் அளவாக் கீறினது இல்லை, சில நேரம் பிள்ளை படத்தைப் பாத்து எழுதுதோ தந்ததை வாசிச்சு எழுதுதோ எண்டு பிடிக்கிறதுக்கெண்டே சமபக்கம் மாதிரி கீறி விட்டிருப்பினம். நீங்கள் பாக்க வேண்டியது பக்கங்களில போட்டிருக்கிற சின்னக் கோட்டை. மூண்டு பக்கத்திலயும் ஒரே மாதிரி கோடு இருந்தா சமபக்கம். ரெண்டில மட்டும் இருந்தா இருசமபக்கம், மூண்டாவது சமனா இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம், உங்களுக்குத் தெரியாது, தெரியாததை எழுதக் கூடாது. ஒரு கோடும் இல்லை எண்டா ஒண்டும் சமன் இல்லை எண்டு கூடச் சொல்லேலாது, சொல்லித் தரேல்ல எண்டு மட்டும்தான் சொல்லலாம்.

மற்றப் பக்கமா ஏமாத்துறதும் உண்டு. நீட்டா ஒடுங்கலா ஒரு இருசமபக்கம் கீறி, ஒரு கோணம் 60 எண்டு தந்திருப்பினம். பாத்தா சமபக்கம் மாதிரியே இராது, ஆனா அது சமபக்கம்தான். மேல் கோணம் 60 எண்டா மிச்சம் 120, அடிக்கோணம் ரெண்டும் சமன், ஆளுக்கு 60. அடிக்கோணம் ஒண்டு 60 எண்டா மற்றதும் 60, மேலயும் 60. இருசமபக்க முக்கோணியில எந்தக் கோணமாவது ஒண்டு 60 எண்டு கண்டால் உடன பேனையை எடுத்து மூண்டு பக்கத்திலயும் கோட்டைப் போடுங்கோ, பாதிக் கணக்கு அதோட முடிஞ்சிடும்.

ஒரு முக்கோணியை முழுசாச் சொல்ல எத்தனை அளவு வேணும்?

சமபக்கத்துக்கு ஒண்டு. பக்கம் 7 எண்டு ஃபோனில சொன்னா மற்றப் பக்கம் இருக்கிறவர் அதே முக்கோணியைக் கீறுவார். இருசமபக்கத்துக்கு ரெண்டு வேணும், சமனான பக்கமும் அடியும். சமனில் பக்கத்துக்கு மூண்டு. கோணம் மூண்டையும் மட்டும் சொன்னா வடிவம் தெரியும், அளவு தெரியாது, ஒரு பக்கமாவது சொல்லோணும்.

ஒழுங்கான முக்கோணியில செங்கோணம் வரவே வராதா?

தாளில வராது, ஒண்டு 90 ஆனா மூண்டும் 90 ஆகோணும், கூட்டினா 270. பூமிக்கோளத்தில வரும். வட துருவத்தில இருந்து எங்கட நெடுங்கோட்டால நேர கீழ இறங்கி மத்திய கோட்டுக்குப் போங்கோ, அங்க திரும்பி அந்தக் கோட்டில உலகத்தைக் கால்வாசி சுத்துங்கோ, பிறகு நேர துருவத்துக்கு ஏறுங்கோ. மூண்டு பக்கமும் ஒரே நீளம், மூண்டு மூலையும் 90. பரீட்சைக்கு வராது, கேட்ட பிள்ளைக்காகச் சொல்லுறன்.

மூலையில இருக்கிற முக்கோணக் காணி ஒண்டு பாக்கிறம். நீள அகலம் மாதிரி பெருக்கிப் பாதியாக்கினா பேர்ச் வந்திடும் எண்டு புரோக்கர் சொல்லுறார். சரியா?

செங்கோணக் காணி எண்டா மட்டும் சரி. ரெண்டு ஒழுங்கை சந்திக்கிற இடத்தில செங்கோணமா வெட்டின காணி எங்க கிடக்கு.

ஒரு உதாரணத்துக்கு பக்கம் 52 அடி, 56 அடி, 60 அடி எண்டு வைப்பம். புரோக்கர் கணக்கில 52 ஐயும் 56 ஐயும் பெருக்கிப் பாதியாக்கினா 1456 சதுர அடி. 1 பேர்ச் 272.25 சதுர அடி, அப்ப 5.35 பேர்ச். ஆனா 52 அடி பக்கம் 56 க்கு நிமிர்ந்து நிக்கேல்ல, சரிஞ்சு நிக்குது, செங்குத்துயரம் 48 அடிதான். அரைவாசி தர 56 தர 48, 1344 சதுர அடி, 4.94 பேர்ச். கொழும்பில 0.4 பேர்ச் எண்டா எத்தனை லட்சம் எண்டு உங்களுக்கே தெரியும்.

உயரத்தை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது, காணிக்கு நடுவில வீடு நிக்குதே எண்டு கேப்பீங்கள். அதுக்குத்தான் ஹெரோன் சூத்திரம், அலெக்சாந்திரியாவில முதலாம் நூற்றாண்டில இருந்த ஆள். மூண்டு பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கோ: 168 இன்ர பாதி 84. அதில இருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழியுங்கோ: 32, 28, 24. நாலு எண்ணையும் பெருக்கினா 18,06,336, வர்க்கமூலம் 1344. வேலியோரம் நடந்து டேப் பிடிச்சாலே போதும், உள்ள போகத் தேவையில்லை.

ஆனா ஒண்டு சொல்லுறன், மொத்த வேலி எவ்வளவு எண்டு மட்டும் கேட்டுப்போட்டு காணியை மதிக்காதைங்கோ. இதே 168 அடி வேலியில பக்கம் 56, 56, 56 எண்டா 4.99 பேர்ச். 80, 80, 8 எண்டு ஒரு ஒடுங்கல் காணி எண்டா ஒண்டேகால் பேர்ச் கூட இல்லை. வாங்க முதல் சேர்வேயர் பிளானைப் பாருங்கோ, இது புரோக்கரோட கதைக்கேக்க மனசில போட்டுப் பாக்கிற கணக்கு மட்டும்தான்.

மேசன் பாஸ் மூலை பிடிக்கிறதுக்கு 3-4-5 எண்டு நூல் கட்டினார், அதுவும் இதுவும் ஒண்டா?

ஓம், நெருப்புக்குச்சியில வந்த அதே ஒழுங்கில்லாத முக்கோணி. ஒரு பக்கம் 3 அடி, மற்றப் பக்கம் 4 அடி அடையாளம் போட்டு, குறுக்க 5 அடி சரியா விழுந்தா மூலை 90. பெரிய அறைக்கு 6-8-10 பிடிக்கிறது நல்லம், பிழை குறையும்.

தரையில பதிக்கிறதுக்கு ஒழுங்கான முக்கோண டைல் மட்டும்தானே பொருந்தும்?

இல்லை, எந்த முக்கோணியும் பொருந்தும். எவ்வளவு கோணல் எண்டாலும் ஒரே மாதிரி ரெண்டை எடுத்து ஒண்டைத் தலைகீழாத் திருப்பி ஒட்டினா இணைகரம் வரும், இணைகரத்தை அடுக்கி அடுக்கிக் கொண்டே போகலாம். ஐங்கோணிக்குத்தான் பிரச்சினை, ஒழுங்கான ஐங்கோணியால தரையை இடைவெளி இல்லாமல் மூடேலாது.

ஒழுங்கில்லாத முக்கோணிக்குள்ள ஒழுங்கானது ஒளிஞ்சிருக்கு எண்டு ஒருக்கா வகுப்பில சொன்னீங்கள், அது என்ன?

மோர்லி எண்டவர் 1899 இல கண்டுபிடிச்சது, அவ்வளவு நாளா ஒருத்தருக்கும் கண்ணில படேல்ல எண்டதுதான் எனக்கு ஆச்சரியம். எந்த முக்கோணியாவது கீறுங்கோ, ஒவ்வொரு கோணத்தையும் மூண்டு சமபங்காப் பிரிச்சு கோடு கீறுங்கோ. ஒவ்வொரு பக்கத்துக்கும் கிட்ட இருக்கிற ரெண்டு கோடும் எங்க வெட்டுதோ அங்க ஒரு புள்ளி. அப்பிடி மூண்டு புள்ளி வரும், சேர்த்தா சமபக்க முக்கோணி, எப்பவும். கவராயத்தாலயும் அடிமட்டத்தாலயும் மட்டும் எல்லாக் கோணத்தையும் மூண்டாப் பிரிக்கேலாது, அதனால பாகைமானி வைச்சுத்தான் செய்யோணும். 45, 60, 75 எண்டு கோணம் எடுங்கோ, 15, 20, 25 எண்டு சுகமாப் பிரியும். பெரிய தாளில கீறுங்கோ, நடுவில வாறது சின்னன்.

ரெண்டு ஒழுங்கான முக்கோணி எப்பவும் இயல்பொத்ததா? ரெண்டு இருசமபக்கம் எண்டா?

இயல்பொத்தது எண்டா வடிவம் ஒண்டு. ஒழுங்கானது எண்டா எப்பவும் ஓம், அளவு மட்டும்தான் வேற. இருசமபக்கம் எண்டா இல்லை, 4-4-4 க்குப் பக்கத்தில 5-5-2 ஐ வைச்சுப் பாத்தா தெரியும். ரெண்டு இருசமபக்கத்திலயும் சமபக்கங்களுக்கு இடையில உள்ள கோணம் ஒண்டா இருந்தா மட்டும் இயல்பொத்தது. ரெண்டும் செங்கோண இருசமபக்கம் எண்டா கேள்வியே இல்லை, ரெண்டும் 45-45-90 தானே.